எரியாத இடம்

"பேசாத. பேசுனா கோடு விழுந்துரும்" என்று சொல்லிக்கொண்டே உலகம்மாள் மதினி தன் சுட்டுவிரலைச் செண்பகத்தின் மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் ஓர் இழுப்பு இழுத்தாள். அதே விரலைச் சற்று முன்புதான் காதுக்குள் விட்டுக் குடைந்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், முந்தானையில் துடைத்தாள், அப்புறம் கிண்ணத்துக்குள் விட்டாள். துடைத்துவிட்டாளே, போதாதா என்றால் மற்றவர்களுக்குப் போதும். செண்பகத்துக்குப் போதாது. அருவருப்பு அவளோடு கூடப் பிறந்தது. பந்தியில் பக்கத்து இலைக்காரர் மோரைக் கையால் அள்ளி உறிஞ்சினால் அதோடு அவளுக்குச் சாப்பாடு முடிந்தது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரியின் ஈரத் தலைமுடி முழங்கையில் பட்டுவிட்டால் வீட்டுக்கு வந்து முழங்கையை மட்டும் தனியாகச் சோப்புப் போட்டுக் கழுவுவாள். அப்படிப்பட்டவள் கூடத்துப் பாயில் மல்லாந்து கிடக்கிறாள், கணவனின் அக்கா காது குடைந்த விரலால் அவள் முகம் முழுக்கப் பூசிக்கொண்டிருக்கிறாள். வயிற்றுக்குள் ஏதோ புரண்டு தொண்டைவரை வந்து, பேசக் கூடாது என்பதால் அங்கேயே நின்றது. ஜாதிக்காயைப் பாலில் இழைத்து, கஸ்தூரி மஞ்சளைக் குழைத்து, மேலே எலுமிச்சம்பழம் பிழிந்த கலவை. பால் காலையில் வாங்கியது. சித்திரை மாதத்தில் மதியம்வரைக்கும் அடுப்படியில் திறந்து கிடந்த பால், மூக்குக்கு நேர் கீழே பூசினால் புளிக்க ஆரம்பித்திருப்பது தெரியாமலா போகும். தலைக்கு அடியில் மடித்து வைத்த துண்டில் போன வாரம் தடவிய முட்டை வெள்ளைக்கருவின் வாடை இன்னும் இருந்தது. துவைத்தும் போகவில்லை. கண்ணை மூடினாள். மூடினால் வாடை கூடியது. திறந்தால் கலவை இமைக்குள் இறங்கும். எல்லாம் எதற்கு, இரண்டு கன்னத்திலும் படர்ந்திருக்கிற மங்குக்கு. மங்கு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, வெயிலில் அலைந்த பெண்களுக்கு, நாற்பதைத் தொடப்போகிற பெண்களுக்கு, ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிற தவிட்டு நிறத் திட்டுதான். ஆனால் அடுத்த வாரம் மதினி மகள் பூரணிக்குக் கல்யாணம், மேடையில் வெளிச்சம் அடிப்பார்கள், வீடியோவில் விழும்.

மதினி எழுந்து அடுப்படிக்குப் போனாள். போகிற போக்கில், "எரியும். எரிஞ்சாத்தான் உள்ள இறங்குதுன்னு அர்த்தம்" என்றாள். இதை அவள் இந்த மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். முதலில் உருளைக்கிழங்குச் சாறு. துருவிப் பிழிந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் கறுத்துப்போய்ச் சாக்கடைத் தண்ணீர் நிறத்துக்கு வந்துவிடும், அதைப் பஞ்சில் தொட்டு ஒற்ற வேண்டும், அடியில் மாவு தங்கி வழவழவென்று இருக்கும். அப்புறம் தக்காளியும் சீனியும், எறும்பு ஏறியதுதான் மிச்சம். பப்பாளிப் பழத்தைப் பிசைந்து வைத்தபோது ஒரு கறுப்பு விதை காது மடலுக்குள் ஒட்டிக்கொண்டு, மறுநாள் வழுவழுப்பாக விரலில் வந்தபோது செண்பகம் குளியலறையில் வாந்தியெடுத்தாள். கற்றாழையைப் பற்றி நினைக்கவே கூடாது. வெட்டிய உடனே ஒரு மஞ்சள் தண்ணீர் வடியுமே, கக்கத்து வேர்வை நாற்றத்தில், அதைக் கழுவிவிட்டு உள்ளே இருக்கிற கோழையை எடுத்துத் தடவ வேண்டும். கோழை என்றுதான் சொல்ல வேண்டும், வேறு எதைச் சொல்வது. காயும்போது தோலைப் பிடித்து இழுக்கும். கடலை மாவும் தயிரும் போட்ட அன்றைக்குக் கணவன் சங்கரபாண்டி வேலையிலிருந்து வந்து எட்டிப்பார்த்து, "பஜ்ஜி மாவு மிச்சமாப் போச்சோ?" என்று கேட்டுவிட்டுத் தன் கேலிக்குத் தானே சிரித்தான். சின்ன வெங்காயச் சாறு வைத்த ராத்திரி சிரிக்கவில்லை, சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டான். போனில் பார்க்கிற பெண்கள் வேறு. மாவு பூசிய மாதிரி வெளுத்த கன்னத்தோடு உட்கார்ந்துகொண்டு, இயற்கையானது தோழிகளே, பக்க விளைவே கிடையாது தோழிகளே என்று ஆளுக்கொரு கிண்ணத்தைக் காட்டுகிறார்கள். இயற்கையில்தான் சீழும் இருக்கிறது, சாணியும் இருக்கிறது என்று செண்பகம் நினைத்துக்கொள்வாள். ஆனாலும் பார்ப்பாள். பார்த்ததை மதினியிடம் சொல்லவும் செய்வாள், அந்தக் குற்றம் அவளுடையதுதான்.

எச்சில்தான் உச்சம். காலையில் எழுந்து பல் விளக்குவதற்கு முன்னால் வாயில் ஊறியிருக்கிற எச்சிலைத் தொட்டுத் திட்டின்மேல் வைத்தால் மங்கு ஓடிப்போகும் என்று மதினிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். தன் எச்சிலைத் தானே தொட்டு வைப்பதற்கே செண்பகத்துக்கு இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் விடிந்தும் விடியாமல் மதினி அடுத்த தெருவிலிருந்து வந்துவிட்டாள், இன்னும் பல் விளக்கவில்லை என்பதை ஒரு தகுதியாகச் சொல்லிக்கொண்டு. "உன் எச்சி உனக்குப் பத்தலை போல. எனக்கு சூட்டு ஒடம்பு, நல்லாக் கேக்கும்" என்று சொல்லி, செண்பகம் வாயைத் திறப்பதற்குள் விரலை நாக்கில் தொட்டு அவள் கன்னத்தில் தேய்த்துவிட்டாள். வெற்றிலைச் சிவப்பு லேசாக ஒட்டிய எச்சில். அன்றைக்கு முழுவதும் அந்தக் கன்னம் தன்னுடையதில்லை என்பதுபோல் தலையைச் சாய்த்துக்கொண்டே தையல் மிஷினில் தைத்தாள். அதற்கும் மேலே போய் எதிர்வீட்டில் பிள்ளை பெற்றிருக்கிற பெண்ணிடம் பிள்ளைக்குப் புகட்டுகிற பாலாடையில் கொஞ்சம் தாய்ப்பால் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள் மதினி. "பிள்ளைக்குப் போக இருந்தது, சும்மாப் பீச்சி விடுதா. பாவம், கேட்டதும் தந்துட்டா." அது வெதுவெதுப்பாக இருந்தது. மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள், அந்த வெதுவெதுப்பை மட்டும் பொறுக்க முடியவில்லை. யாரோ ஒருத்தியின் உடம்புச் சூடு இன்னும் ஆறாமல் தன் தாடையில் வழிந்து கழுத்துக்குள் போகிறது. மதினிக்கு இதிலெல்லாம் ஒன்றும் தோன்றாது. அவளுக்கு உடம்பு என்றால் எல்லாம் ஒரே உடம்பு. பூரணி சின்னப்பிள்ளையாக இருந்தபோது மூக்குச்சளியை வாயால் உறிஞ்சி எடுத்துத் துப்புவாள். செண்பகத்துக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது ஆஸ்பத்திரியில் மதினிதான் இருந்தாள், படுக்கையை மாற்றினாள், வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள், திரும்பி வந்து அதே கையால் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். அந்த ஆரஞ்சைச் செண்பகம் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்தாள். நன்றி கெட்டவள்தான். ஆனால் ஆரஞ்சைத் தின்ன முடியவில்லை, அதற்கு என்ன செய்வது.

எரிய ஆரம்பித்தது. நெற்றியில் முதலில், பிறகு மூக்கின் இரண்டு பக்கமும், பிறகு இடது கன்னம் பூராவும். எலுமிச்சை பழையது, புளிப்பு ஏறியது. நேற்று உருளைக்கிழங்குத் தோலால் தேய்த்ததில் கீறியிருந்த இடமெல்லாம் மிளகாய் வைத்ததுபோல் எரிந்தது. அடுப்படியில் மதினி தனக்குத்தானே பேசிக்கொண்டும் செண்பகத்துக்குச் சொல்லிக்கொண்டும், எது யாருக்கு என்று தெரியாமல், பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். "சாத்தூர்க்காரங்க லேசுப்பட்ட ஆளு இல்ல. நிச்சயத்தன்னைக்கே மாப்பிள்ளைக்க அத்தைக்காரி ஒன்னயத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. பொண்ணோட மாமன் பொண்டாட்டி மூஞ்சில என்னன்னு கேட்டுட்டா. வெயிலுன்னு சொன்னேன். மேடையில நீயும் தம்பியும்தான நிக்கணும். நீ நிக்காம யாரு நிப்பா." அது உண்மை. தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுத்தால்தான் பெண் மணவறைக்கு வருவாள். அதற்கு முந்தின நாள் நலங்கு, அதிலும் தாய்மாமன் பெண்டாட்டிதான் முதல் கை. அவள் மஞ்சளைத் தொட்டுப் பெண்ணின் இரண்டு கன்னத்திலும் தடவிய பிறகுதான் மற்ற பொம்பளைகள் வரிசைக்கு வருவார்கள். பூரணிக்குச் செண்பகம் என்றால் கொள்ளைப் பிரியம். கல்லூரியில் படித்த காலமெல்லாம் இந்த வீட்டில்தான் கிடந்தாள், பஸ்ஸுக்கு இங்கேயிருந்து பக்கம் என்பது ஒரு சாக்கு. ராத்திரி செண்பகத்தின் போர்வைக்குள் வந்து நுழைந்துகொள்வாள். செண்பகத்துக்கு அருவருப்பு வராத ஒரே ஆள் அவள்தான். ஏன் என்று தெரியாது. அவள் கடித்த மிட்டாயைக்கூடச் செண்பகம் வாயில் போட்டிருக்கிறாள். பிள்ளை இல்லாதவளுக்கு ஒரு பிள்ளையிடமாவது அப்படி இருக்கட்டும் என்று கடவுள் விட்டுவைத்தார் போலிருக்கிறது. நலங்குக்குப் போடப்போகிற மஞ்சள் ஜாக்கெட்டைச் செண்பகம்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பாயின் ஓரத்தில் அது குண்டூசிகளோடு கிடந்தது, கை வைக்க வேண்டும், கொக்கி கட்ட வேண்டும். எரிச்சல் இப்போது முகவாய்க்கட்டைக்கு இறங்கியிருந்தது. ஆனால் வலது பக்கம், தாடை திரும்பிக் காதுக்குப் போகிற இடத்தில், வழக்கம்போல் நிம்மதியாக இருந்தது.

வழக்கம்போல். அங்கே எப்போதுமே எரிவதில்லை. மங்கிலிருந்து கொஞ்சம் விலகி, தனியாக, காதுக்குக் கீழே ஒரு பழைய ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு திட்டு. மங்கு தவிட்டு நிறமென்றால் இது செம்பு நிறம். ஓரம் மட்டும் லேசாகத் தடித்திருக்கும். அதைப் பற்றிச் செண்பகம் பெரிதாக யோசித்ததில்லை. போன வாரம் மதினி வெங்காயச் சாறு வைத்தபோதுகூட, எல்லா இடமும் எரியுது மதினி, இங்க மட்டும் ஒண்ணும் தெரியலை என்று அவளே விரலை வைத்துக் காட்டினாள், சந்தோஷமாகத்தான் காட்டினாள். மதினிக்கு அது பிடிக்கவில்லை. எரியாத இடத்தில் மருந்து இறங்கவில்லை என்று அர்த்தம், அது முரட்டு மங்கு என்று சொல்லி அந்த இடத்துக்கு மட்டும் இரண்டாவது பூச்சுப் போட்டாள். முரட்டு மங்கு. முகம் முழுக்கத் தீயாகக் கிடக்கும்போது அந்த ஒரு ரூபாய் மட்டும் குளிர்ச்சியாகக் கிடக்கிறதே என்று செண்பகம் அதன்மேல் மனதை வைத்துக்கொள்வாள், எரிச்சலைத் தாண்டிவிடலாம். இன்றைக்கும் அப்படித்தான் மனதைக் கொண்டுபோய் அங்கே வைத்தாள். வைத்த மனது வழுக்கியது. குளிர்ச்சியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோமே, குளிர்ச்சி தெரிகிறதா? கலவையின் ஈரம் தெரிகிறதா? விசிறிக் காற்று மற்ற இடத்திலெல்லாம் காய்ந்து இழுக்கிறது, அங்கே இழுக்கிறதா? இல்லை. எரிச்சல் இல்லை என்பது மட்டுமில்லை, அங்கே ஒன்றுமே இல்லை. அந்த இடத்தை யாரோ வெட்டியெடுத்துக்கொண்டு போனதுபோல் இருந்தது. சீ, என்ன நினைப்பு இது, பேசாமல் கிட என்று தன்னையே அதட்டினாள். பால் புளித்த வாடை மறுபடியும் வந்தது. மதினி பாத்திரத்தைக் கழுவுகிறாள், சாம்பல் போட்டுத் தேய்க்கிறாளா சோப்புப் போட்டா. போன மாசியில் ஒருநாள் வடகம் பொரிக்கும்போது எண்ணெய் தெறித்தது. கையில் விழுந்த துளிக்குக் கையை உதறினாள், ஊதினாள். சாயங்காலம் தலை சீவக் கண்ணாடி முன்னால் நின்றபோதுதான் காதுக்குக் கீழே கொப்புளம் பார்த்தாள். அங்கேயும் விழுந்திருக்கிறதே, தெரியவேயில்லையே என்று அப்போது ஆச்சரியப்பட்டாள். ஆச்சரியம் மட்டும்தான் பட்டாள். கொப்புளம் உடைந்து நீர் வடிந்ததும் அதைத் துடைத்த பஞ்சை அருவருத்துக்கொண்டு தெருவில் போய் எறிந்துவிட்டு வந்தாள், நினைப்பையும் அதோடு எறிந்துவிட்டாள்.

சின்ன வயதில் அவள் பள்ளிக்கூடத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அக்கா வந்தாள். ஆறாம் வகுப்பு, சன்னலையெல்லாம் சாத்திவிட்டுப் பிள்ளைகளைப் பாவாடையோடு வரிசையாக நிறுத்தினார்கள். உடம்பில் தேமல் இருக்கிறதா என்று பார்த்தாள் அக்கா. இருந்தவர்களைத் தனியே உட்காரவைத்து, பஞ்சைத் திரித்துக் கூராக்கி, கண்ணை மூடிக்கோ, நான் தொடுற இடத்தை விரலால தொட்டுக் காட்டு என்றாள். செண்பகத்துக்கு முழங்காலில் ஒரு தேமல், சாதாரணத் தேமல், தொட்ட உடனே கூசிச் சிரித்துக் காட்டிவிட்டாள். அடுத்து சுடலைவடிவு. தோள்பட்டையில் திட்டு. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஆள்காட்டி விரலை நீட்டித் தயாராக வைத்துக்கொண்டு, எங்கே தொடப்போகிறார்களோ என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா தொட்டாள். பஞ்சு தோளில் படுவதைச் சுற்றி நின்ற எல்லாரும் பார்த்தார்கள். மறுபடியும் தொட்டாள். வடிவு சிரித்தபடி காத்திருந்தாள். அப்புறம், "இன்னும் தொடலையாக்கா?" என்று கேட்டாள். அந்தக் குரல், இத்தனை வருஷத்துக்கு அப்புறம், பாயில் கிடந்த செண்பகத்தின் காதுக்குள் அப்படியே கேட்டது. மறுநாள் வடிவு உட்கார்ந்த பெஞ்சைப் பினாயில் ஊற்றிக் கழுவினார்கள். வடிவுக்கு மாத்திரை கொடுத்தார்கள், சரியாகிவிட்டது என்றார்கள். சுவரில் எழுதியும் போட்டிருந்தது, உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயாக இருக்கலாம், குணப்படுத்தலாம், மாத்திரை இலவசம் என்று, ஊரெல்லாம் எழுதியிருந்தது, அதைப் பார்த்துத்தான் செண்பகம் எழுத்துக்கூட்டிப் படிக்கவே பழகியிருந்தாள். பின்னால் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் வடிவைப் பார்த்தாள், இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை, நல்ல சேலை, நன்றாகத்தான் இருந்தாள். சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால் செண்பகத்தின் கண் அவளுடைய விரல்களுக்குப் போனது. எல்லா விரலும் இருந்தது. வடிவு அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டுக் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். எல்லாரும் முதலில் அங்கேதான் பார்ப்பார்கள் போல.

கலவை கனமாக இருக்கும், அதனால்தான் தெரியவில்லை. அந்த இடத்துக்கு மதினி எப்போதும் கூடவே அப்புகிறாள், மண் சுவர் பூசுகிற மாதிரி. அப்படி அப்பினால் என்ன தெரியும். செண்பகம் கையைப் பாயின் ஓரத்துக்கு நகர்த்தி, மஞ்சள் ஜாக்கெட்டைத் தடவி, ஒரு குண்டூசியை உருவினாள். இது வெறும் பைத்தியக்காரத்தனம், யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். இடது கன்னத்தில் லேசாகக் குத்தினாள், சுருக்கென்றது, கண்ணில் தண்ணீர் வந்தது. நல்லது. முகவாயில் குத்தினாள், சுருக். வலது கன்னத்தில், மூக்குக்குப் பக்கத்தில், சுருக். அப்படியே ஊசியை நகர்த்திக்கொண்டு காதுப்பக்கம் போனாள். குத்தினாள். இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். விரலுக்குத் தெரிந்தது, ஊசி எதிலோ நுழைகிறது என்று விரல் சொன்னது, ரவிக்கைத் துணியில் நுழைகிற மாதிரி, அவளுடையதல்லாத எதிலோ நுழைகிற மாதிரி. கன்னம் ஒன்றும் சொல்லவில்லை. ஊசியை எடுத்து விரலால் நுனியைத் தடவினாள், பிசுபிசுத்தது. ஊசியைத் திரும்ப ஜாக்கெட்டில் குத்தாமல் பாய்க்கு வெளியே தள்ளிவைத்தாள். இத்தனை நாளும் எதையெதையெல்லாமோ பார்த்து முகத்தைச் சுளித்தோம், காதுக் குறும்பியை, எச்சிலை, பக்கத்து இலையை, ஈரத் தலைமுடியை. அதெல்லாம் வெளியே இருந்தது, கழுவினால் போயிற்று. இதை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது. தன் முகத்திலிருந்தே விலகி உட்கார வேண்டும்போல் இருந்தது அவளுக்கு, ஆனால் முகம் கூடவே வருகிறதே. படித்தவள், தெரியும், மாத்திரை இருக்கிறது, தொட்டவுடன் ஒட்டிக்கொள்கிற சீக்கு இல்லை, கை கால் போகிற காலமெல்லாம் போய்விட்டது. தெரிந்து என்ன. சாத்தூர்க்காரிக்குத் தெரியுமா? பெண்ணின் தாய்மாமன் பெண்டாட்டிக்குப் பெருவியாதியாம் என்று ஒரு வாய் சொன்னால் போதும், பந்தல்கால் நட்டதைப் பிடுங்க வேண்டியதுதான். சொல்லாமல் இருந்தால் யாருக்குத் தெரியும். பத்து நாள், கல்யாணம் முடிந்து மறுவீடு முடிந்து சத்தமில்லாமல் போய்க் காட்டிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன்னால் நலங்கு இருக்கிறது. இந்தக் கையை மஞ்சளில் தோய்த்துப் பூரணியின் கன்னத்தில் வைக்க வேண்டும். கையில் ஒன்றுமில்லை, கன்னத்தில்தான். ராத்திரி போர்வைக்குள் வந்து இந்தக் கன்னத்தில்தான் தலையை முட்டிக்கொண்டு தூங்கும் அந்தப் பிள்ளை. எப்போதிலிருந்து இருக்கிறது இது? அப்போதே இருந்ததா? கிறுக்கு, அது நாலு வருஷத்துக்கு முன்னால். இருந்ததா?

"காஞ்சிருச்சா?" மதினி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், மூட்டு மடக்கென்று சத்தம் போட்டது. கலவையை நகத்தால் தட்டிப் பார்த்தாள். "நல்லாக் காஞ்சிருக்கு. எங்கன எரியலை? அந்தப் பழைய இடத்துலயா?" செண்பகம் தலையை ஆட்டினாள், அசைத்தால் நெற்றியில் காய்ந்தது பொறிந்து காதுக்குள் விழுந்தது. "அதுக்குத்தான் கொண்டாந்தேன். இன்னைக்கு அதை விடப்போறதில்ல" என்று மதினி பாதி ஜாதிக்காயை எடுத்தாள். கல்லில் இழைத்து மீந்தது, ஒரு பக்கம் சொரசொரவென்று மழுங்கியிருந்தது. அதைப் பாலில் ஒரு முக்கு முக்கிவிட்டுத் திட்டின்மேல் வைத்து நேரடியாகவே தேய்க்க ஆரம்பித்தாள். செண்பகத்துக்குச் சத்தம் கேட்டது. காதுக்கு அடியில் கரகரவென்று, அம்மியில் எதையோ அரைக்கிற சத்தம், எலும்பு வழியாகக் கேட்டது. தலை லேசாக ஆடியது. அவ்வளவுதான். தன் தோலை அரைக்கிறார்கள், அந்தச் சத்தத்தை அவள் அடுத்த வீட்டுச் சத்தம்போல் கேட்டுக்கொண்டு கிடக்கிறாள். மதினி தேய்த்துக்கொண்டே பேசினாள். "புள்ள நேத்து கூடக் கேட்டா. அம்மா, அத்தை மூஞ்சிய ஏன் இப்படிப் போட்டுப் பாடாப் படுத்துதீக, அத்தை எப்படி இருந்தாலும் எனக்கு மொத மஞ்சள் அத்தைதான்னுட்டா. நீ ரொம்பத்தான் செல்லம் குடுத்து வச்சிருக்க." செண்பகத்தின் மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்து கலவையில் வழி பிடித்துக்கொண்டு ஓடியது. "எரியுதா? எரியுதா?" என்றாள் மதினி சந்தோஷமாக. "எரியட்டும் எரியட்டும்."

புழக்கடைக் குழாயடியில் குனிந்து முகத்தைக் கழுவினாள். மஞ்சள் தண்ணீர் சிமெண்டில் ஓடியது, பிறகு ஓர் ஓரமாகச் சிவப்பு சேர்ந்து ஓடியது. மதினி துண்டோடு பக்கத்தில் நின்றவள் முதலில் அதை மஞ்சள் என்றுதான் நினைத்தாள். அப்புறம் செண்பகத்தின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "ஏட்டி, என்னட்டி இது. தோலு பூராவும் வழண்டு போச்சே. சதை தெரியுது. வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா. கல்லுக்குண்டு மாதிரிக் கிடந்தியே." அவள் முகம் அழுவதுபோல் ஆகிவிட்டது. வேறு எதுவும் யோசிக்காமல், பிள்ளைகள் விழுந்து எழுந்தால் செய்வதுபோல், விரலை நாக்கில் தொட்டு எச்சிலோடு அந்த இடத்துக்குக் கொண்டுபோனாள். செண்பகம் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாதீக மதினி."

"இதுலயும் ஒனக்கு அசிங்கமாக்கும்."

"அதுக்கு இல்ல. வலிக்கலை மதினி. எனக்கு அங்க ஒண்ணுமே தெரியலை. ஊசிய வச்சுக் குத்திப் பாத்தேன். சூடும் தெரியலை. ரொம்ப நாளா அப்படித்தான் இருக்கு போல. நான்தான் கவனிக்கலை."

மதினிக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அது புரிகிற நேரத்தைச் செண்பகம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளும் அதே ஊர்ப் பள்ளிக்கூடச் சுவரைப் பார்த்து வளர்ந்தவள்தான், அதே எழுத்தை வாசித்தவள்தான். கண் செண்பகத்தின் கன்னத்துக்குப் போனது, அங்கிருந்து விரல்களுக்கு இறங்கியது, ஒவ்வொரு விரலாக. பிறகு செண்பகத்தின் பிடியிலிருந்து தன் கையை மெல்ல உருவினாள். பிடுங்கவில்லை, உருவினாள். உருவிய கையைச் சேலையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டிருப்பது தனக்கே தெரிந்ததும் நிறுத்தினாள். இந்த மாதம் முழுக்க அந்த விரலைக் கண்டு செண்பகத்துக்கு எத்தனை தடவை குமட்டியிருக்கும். இப்போது குமட்டலே இல்லை. தேடிப்பார்த்தாள், வயிற்றில் ஒன்றும் புரளவில்லை. அது மதினியின் முகத்துக்குப் போயிருந்தது. மூக்கின் ஓரத்தில், உதட்டுக்கோணலில், அடக்க அடக்க அடங்காமல். செண்பகத்துக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். உள்ளேயிருந்து தெரியும்.

"தம்பிக்குத் தெரியுமா?" என்றாள் மதினி.

"எனக்கே இப்பத்தான் தெரியும்."

"யாருட்டயும் சொல்லாத தாயி. ஒன் கால்ல விழுந்து கேக்கேன். புள்ள வாழ்க்கை."

"சொல்லலை. ஆனா நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போறேன். மாத்திரை இருக்குல்லா, குடுப்பாக. வேற ஏதாவதா இருந்தாலும் பாத்துச் சொல்லட்டும்."

"இங்க வேண்டாம். கல்யாணம் முடியட்டும், திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போறேன். நானே வாறேன்."

"நாளைக்கே போறேன் மதினி" என்றாள் செண்பகம். குரல் தான் நினைத்ததைவிடத் தெளிவாக வந்தது. பிறகு, குழாயை மூடிவிட்டு, சொல்ல வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே, மதினி என்ன சொல்கிறாள் பார்ப்போம் என்ற ஒரு சின்ன ஆசையில், சொல்லிவிட்டாள். "மொத மஞ்சளை வேற யாராவது வைக்கட்டும்."

போடி பைத்தியக்காரி என்று சொல்வாள். நீ வைக்காம யாரு வைப்பா என்று சொல்வாள். அடுப்படியில் நின்று சற்று முன்பு சொன்னாளே, நீ நிக்காம யாரு நிப்பா என்று, அதே மாதிரி. செண்பகம் துண்டுக்குக் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். மதினி துண்டைத் துணி காயப்போடுகிற கொடியில் போட்டாள், அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று.

"அதுவும் சரிதான்" என்றாள்.

செண்பகம் கூடத்துக்கு வந்து பாயில் உட்கார்ந்தாள். பழைய சேலைத் துணியைக் கிழித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள், இரத்தம் ஊறுவது துணியில்தான் தெரிந்தது. புழக்கடையில் குழாய் மறுபடியும் திறந்தது. சோப்பு டப்பா சிமெண்டில் உரசுகிற சத்தம். கை கழுவுகிற சத்தம், நிற்பதுபோல் நின்று மறுபடியும் தொடங்கியது. கழுவட்டும். எத்தனை தடவை கழுவினால் போனதுபோல் இருக்கும் என்பது செண்பகத்துக்குத் தெரியும், அவள் அதில் அனுபவசாலி. அதற்காக மதினிமேல் கோபப்பட முடியுமா என்று யோசித்துப் பார்த்தாள். முடிந்தது. கோபம் நன்றாகவே வந்தது. படுக்கையில் கிடந்தபோது வாளியைத் தூக்கிய கை அது, அந்தக் கைக்கு அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லையே, இன்றைக்கு மட்டும் என்ன. அப்புறம் கோபமும் களைத்துப்போய், நாளைக்கு எந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு போவது, முகத்தை மூடிக்கொண்டு போவதா மூடாமல் போவதா, சீட்டு எழுதுகிற இடத்தில் எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் வாய்விட்டு என்ன சொல்வது என்று மனது அதன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. அடுப்படியில் சாயங்காலப் பால் காய்கிற வாசனை வந்தது, காப்பிப்பொடி வாசனை வந்தது. அலமாரியைத் திறந்து எதையோ தேடினாள் மதினி. பாலித்தீன் உறையைக் கிழிக்கிற சத்தம் கேட்டது.

மதினி வாசல்நிலையில் நின்று, எட்டி, காப்பியைத் தரையில் வைத்தாள். கல்யாண வீட்டுக்கு வருகிறவர்களுக்கென்று மொத்தமாக வாங்கி இங்கே வைத்திருந்த காகிதக் கப். அடுப்படியில் செண்பகத்தின் வீட்டு எவர்சில்வர் டம்ளர்கள் வரிசையாகக் கவிழ்ந்திருக்கும், அவளே காலையில் துலக்கிக் கவிழ்த்தது. இரண்டு பேரும் கப்பைப் பார்த்தார்கள். செண்பகம் அதை எடுத்து, சூடு விரலில் தெரிகிறதா என்று ஒரு நொடி கவனித்தாள், தெரிந்தது. ஒரு வாய் குடித்தாள். அவளுக்கு அரைக் கரண்டிதான் சீனி, ஒரு மணி கூடினாலும் குடிக்க மாட்டாள். அரைக் கரண்டிதான் போட்டிருந்தது.

"சீனி போதுமா?" என்று மதினி நிலைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"போதும் மதினி" என்றாள் செண்பகம்.